சும்மா சென்னைக்கு

மதுரைக்காரர் ஒருவர் சென்னைக்குக் கிளம்புகிறார் என்றால் காரணம் இரண்டுதான். ஒன்று கல்யாணம், இல்லை ஆஸ்பத்திரி. விசா நேர்காணலை வேண்டுமானால் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தபோது எங்கள் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, “யாருக்கும்மா உடம்பு சரியில்லை?” யாருக்கும் இல்லை சார், மியூசியம் பார்க்கப் போகிறேன் என்றேன். சொல்ல இஷ்டமில்லையென்றால் விடுங்கள் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அம்மா நேராகவே கேட்டார். “செத்த காலேஜுல மூணு நாள் ஒத்தையில என்னடி பண்ணுவ?” அவருடைய அத்தை ஒருத்தர் சென்னையில் வாழ்க்கைப்பட்டவர். பழைய சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். வேடிக்கைக்கு வைத்த பெயர் மாதிரி இருந்தாலும் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1855இல் மிருகக்காட்சி சாலை தொடங்கியதே அருங்காட்சியக வளாகத்துக்குள்தான். அருங்காட்சியகமோ 1851இல் நுங்கம்பாக்கத்தில், வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு நம் மொழிகளைச் சொல்லிக்கொடுத்த கோட்டைக் கல்லூரி இருந்த இடத்தில் ஆரம்பித்து, பிறகுதான் எழும்பூருக்கு வந்தது. காலேஜ் என்ற பெயர் அங்கிருந்தே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய் விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினேன். பக்கத்தில் ஒரு லாட்ஜ். பெயர் வேண்டாம். பதிவேட்டில் ‘வருகையின் நோக்கம்’ என்று ஒரு கட்டம். ‘மியூசியம்’ என்று எழுதினேன். கவுன்டரில் இருந்த தம்பி அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், ஃபேமிலி பின்னாடி வருதா மேடம் என்று கேட்டார். வரவில்லை. உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, நான் எழுதியதற்குப் பக்கத்தில் தன் கையால் ‘பெர்சனல்’ என்று எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். நாற்பத்தாறு வயதுப் பெண் தனியாக ஊர் பார்க்க வந்தால் பதிவேட்டிலேயே இடமில்லை.

குளித்துவிட்டுப் பாந்தியன் சாலைக்கு நடந்தேன். கேட் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை வார விடுமுறை. இரண்டு மாதமாகத் திட்டம் போட்டவளுக்கு இதைப் பார்க்கத் தோன்றவில்லை. கூட யாராவது வந்திருந்தால் நாள் முழுக்க அதையே சொல்லிக் காட்டியிருப்பார்கள். நான் என்னை மன்னித்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் ஈசிஆர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர், அப்போது சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வர், தன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது. படம் வரைந்து பிழைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தக் காசில் கடலோரத்தில் மணல்காடாகக் கிடந்த நிலத்தை வாங்கினார்கள். இன்று அந்தச் சாலையில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று யோசித்தால் தலை சுற்றும்.

உள்ளே இருக்கும் ‘மெட்ராஸ் இயக்க’ அருங்காட்சியகம் 2009இல் திறந்தது. அந்தக் கலைக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த நவீன ஓவிய இயக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களை அச்சில் பார்த்திருக்கிறேன். ஜாதகக் கட்டம், கணக்கு, பொடிப்பொடியாக எழுத்து. தாத்தாவின் பழைய கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். பக்கத்தில் போய் வாசிக்கப் பார்த்தால் ஒரு சொல்கூடப் பிடிபடாது. எழுத்து மாதிரி இருக்கிறது, எழுத்து இல்லை. வாசிக்கத் தெரிந்த கண்ணை ஏமாற்றும் படம். கே. ராமானுஜத்தின் கோட்டோவியங்களிடம்தான் அதிக நேரம் நின்றேன். மாளிகைகள், பறக்கும் உருவங்கள், என்னவென்று சொல்ல முடியாத மிருகங்கள். வெறும் மைக்கோடுகள்தான், ஆனால் விரல் வைக்க வெற்றிடம் இல்லை. இந்தக் கிராமத்தில் வாழ்ந்து 1973இல் இளவயதிலேயே தற்கொலை செய்துகொண்டவர். அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதா, தெரியாமல் பார்ப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அங்கிருந்து முட்டுக்காடு தட்சிணசித்ரா. தென்னிந்தியாவின் நாலு மாநிலத்துப் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடம். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கால்வலி போக்கினேன். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை கேட் திறந்ததும் உள்ளே போய்விட்டேன். டிக்கெட்டுக்கு ஒரு டீ, வடைக்கான காசுதான். ஏழாம் வகுப்புச் சுற்றுலாவில் இங்கே வந்திருக்கிறேன். முன்னால் போகிறவள் தோளில் கை வைத்து ரயில்வண்டிபோல் நுழைந்தோம், பி.டி. சார் விசில் அடித்ததும் வெளியே வந்தோம். நினைவில் இருந்தது திமிங்கல எலும்புக்கூடு மட்டும். மியூசியம் என்றால் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அந்த விசிலில்தான் ஆரம்பித்தது என்பேன். கோயிலில் ஒன்பது கிரகத்தையும் சுற்றி முடிப்பதுபோல் சுற்றுகிறோம். இந்தத் தடவை இரண்டே இடம் என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

முதலாவது அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவில், 1797இல் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி பார்த்துச் சொன்ன பிறகு வெளியே தெரியவந்த பௌத்த ஸ்தூபியில் இருந்தவை. பலகைகளில் ஒரு பெரும் பகுதி கப்பலேறி லண்டன் போய்விட்டது. இங்கே மிஞ்சியதில் வட்டமான ஒரு சிற்பம் இருக்கிறது. நளகிரி என்ற யானையைப் புத்தர் அடக்கும் கதை. வட்டத்தின் ஒரு பக்கம் யானை மதம்பிடித்துத் தெருவைத் துவம்சம் செய்கிறது. மாடியிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் புத்தர் முன்னால் யானை மண்டியிட்டுக் கிடக்கிறது. நான் நிற்கும்போது ஒரு பையன் அப்பாவிடம் கேட்டான், “ரெண்டு யானையாப்பா?” அப்பா போனிலிருந்து தலையைத் தூக்காமல் ஆமாப்பா, வா என்றார். மனசு கேட்கவில்லை. “தம்பி, ஒரே யானைதான். முதல்ல கோவம், அப்புறம் கும்பிடுது” என்றேன். பையன் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தான். மண்டியிட்ட யானையின் காதைக் காட்டி, இப்பதான் தூங்கப் போகுது என்றான். பதினெட்டு நூற்றாண்டுக்கு முந்தைய சிற்பிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

இரண்டாவது, செப்புத் திருமேனிகள். நான் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், உற்சவரை நாம் பார்த்திருக்கிறோமா? பட்டு, மாலை, கவசம், இவற்றுக்கு நடுவில் ஒரு முகம். அதற்குள் பின்னாலிருந்து நகருங்க நகருங்க. இங்கே சிற்பி வார்த்த உடம்பு அப்படியே நிற்கிறது. திருவெண்காட்டு அர்த்தநாரிக்கு ஆண் பக்கம் இரண்டு கை, பெண் பக்கம் ஒன்று. மூன்று கை வைத்த உடம்பு கோணலாகத் தெரிய வேண்டும், தெரியவில்லை. பெண் பக்கத்து இடுப்பு லேசாக ஒசிந்து அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் பிடித்தது.

திருவாலங்காட்டு நடராஜருக்குத் திருவாசி இல்லை. நெருப்பு வளையம் இல்லாததால் அந்தத் தூக்கிய காலும் வீசிய கையும் காற்றில் தனியாக நிற்கின்றன. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்தச் சிலையின் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு 1913இல் பக்கம் பக்கமாக வியந்து எழுதினார். நேரில் வந்த நான் ஏழாம் வகுப்பில் திமிங்கலம் பார்க்க ஓடியிருக்கிறேன்.

சாமியைக் கொண்டுவந்து கண்காட்சியில் வைத்திருக்கிறார்களே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். படையெடுப்புக்குப் பயந்து புதைத்து வைத்து, பிறகு ஏர் முனையிலோ கடைக்கால் தோண்டும்போதோ கிடைத்து, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியாக இப்படி வந்து சேர்ந்தவை நிறைய. நான் நின்றிருந்தபோது ஒரு பாட்டி வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து, நடராஜரின் முதுகை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “முதுகும் செஞ்சிருக்கான் பாரு.” அன்று கேட்ட கலை விமர்சனத்தில் இதற்குத்தான் முதலிடம்.

தனியாகப் போனதால் கிடைத்தது இதுதான். கூட ஆள் இருந்தால் நம் கண்ணில் பாதி அவர்கள் முகத்தில் இருக்கும். போரடிக்கிறதோ, பசிக்கிறதோ, எனக்காக நிற்கிறார்களோ. அதற்காகத் தனிமை சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி ஓட்டலில் எதிர் நாற்காலியில் கைப்பையை உட்கார வைத்துத் தோசை சாப்பிடுவது அத்தனை சுகமில்லை. ‘இங்க பாரேன்’ என்று சொல்ல வாய் வரை வந்து நின்றுபோனது எத்தனை தடவை என்று கணக்கில்லை.

அன்று சாயங்காலம் கிரீம்ஸ் ரோட்டில் ஓவியக் கண்காட்சிகள் நடக்கும் லலித் கலா அகாடமிக்கு ஆட்டோ பிடித்தேன். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ரோடு அது. டிரைவர் தம்பி கேட்டார், “ஆஸ்பத்திரிக்கு எந்த கேட்டுக்கா?” இங்கேயுமா! படம் பார்க்கப் போகிறேன் என்றதும், அந்த ரோட்டில் தியேட்டர் இல்லையே என்று குழம்பினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சென்னையில் 1850இல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டரும் டாக்டர், மறு வருடம் அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்ற எட்வர்ட் பால்ஃபரும் டாக்டர்.

அரங்கில் ஓர் இளைஞர் தன் படங்களுக்கு நடுவே ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேறு யாருமில்லை. அனுமதி இலவசம், ஏசி வேறு. ஆனாலும் ஆள் இல்லை. படங்களில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. மழையில் நனையும் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரைந்த ஒன்று மட்டும் மிகவும் பிடித்தது. கருத்து நோட்டை நீட்டினார். எனக்கு முன்னால் எழுதிய எல்லோரும் ‘அருமை’, ‘வாழ்த்துகள்’. நாற்காலிப் படத்தில் அந்த மூன்றாவது நாற்காலி மட்டும் ஏன் கவிழ்ந்து கிடக்கிறது என்று எழுதினேன். படித்துவிட்டு எழுந்து வந்து அரை மணி நேரம் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழும்பூருக்கே போய் அர்த்தநாரியையே பார்த்தேன். கூட்டத்தோடு போயிருந்தால் இது நடக்குமா? ‘நேத்துப் பாத்ததத்தான திரும்பப் பாக்குற?’

திங்கட்கிழமை ஆபீஸில் மேனேஜர் கேட்டார், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா என்று. முடிந்தது சார் என்று சொல்லிவிட்டேன். திருவெண்காட்டில் கிடைத்த இன்னொருவர், ரிஷபவாகனர், தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார். தலையில் பாம்புகளைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, இப்போது இல்லாத காளைமேல் கை ஊன்றி நிற்கிறார். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பார்க்க வேண்டும். வார விடுமுறை என்றைக்கு என்று இந்தத் தடவை முதலிலேயே விசாரித்துவிட்டேன்.