வீக்னெஸ் கேள்விய விட சம்பள கேள்விதான் கஷ்டம்

இன்டர்வியூல வீக்னெஸ் என்னன்னு கேட்டா "நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்"னு சொல்ல சொல்லி உங்க இன்டர்வியூ கேள்வி-பதில் கட்டுரைல இருக்கு, தயவு செஞ்சு யாரும் சொல்லிடாதீங்க, எதிர்ல இருக்கறவரு காலைலேர்ந்து அதையேதான் கேட்டுட்டு இருப்பாரு. நெஜமானத சொல்லுங்க, ஆனா அந்த வேலைக்கே அடிப்படையா இருக்கக்கூடாது, அக்கவுன்ட்ஸ் வேலைக்கு போய் கணக்கு வராதுன்னா முடிஞ்சது கதை.

முக்கியமான ரெண்டு கேள்விய கட்டுரைல விட்டுட்டீங்க. கேரியர் கேப், அதாவது நடுவுல வேலை இல்லாத காலம் இருந்தா சில பேர் பழைய கம்பெனி தேதிய இழுத்து போட்டுக்கறாங்க, இப்பல்லாம் வெரிஃபிகேஷன்ல நிறைய எடத்துல யூஏஎன் (பிஎஃப்க்கான நம்பர்) சர்வீஸ் ஹிஸ்டரி கேக்கறாங்க, பிஎஃப் புடிச்ச கம்பெனில என்னிக்கு சேந்தீங்க என்னிக்கு வெளிய வந்தீங்கன்னு அதுல இருக்கும், ஆஃபர் வந்தப்புறம் மாட்டுனா இன்னும் கேவலம். கேப் ஏன்னு கேட்டா, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல பாத்துக்கிட்டேன்னு உள்ளத ரெண்டு வரில சொல்லிட்டு அடுத்த பேச்சுக்கு போயிடுங்க, அழுது கதை சொல்ல வேணாம்.

அடுத்தது, சம்பளம் எவ்ளோ எதிர்பாக்கறீங்கங்கற கேள்வி. நம்மாளுங்க கைக்கு வர்ற தொகைய மனசுல வச்சு சொல்வாங்க, அவங்க சிடிசின்னு (உங்களுக்காக கம்பெனிக்கு ஆகற மொத்த செலவு) எழுதிப்பாங்க, அதுக்குள்ள கம்பெனி போடற 12% பிஎஃப், கிராஜுவிட்டி, வேலைய பொறுத்து கூட கொறைய வர்ற வேரியபிள் பே எல்லாம் போயிரும், வேரியபிள் முழுசா வரும்னு கேரண்டியும் கெடையாது. அதனால ஃபிக்ஸட் எவ்ளோ வேரியபிள் எவ்ளோன்னு பிரிச்சு கேட்டுட்டு நம்பர சொல்லுங்க, கேக்கறது தப்பே இல்ல.

அப்புறம் பொண்ணுங்ககிட்ட மட்டும் கல்யாணம் எப்போன்னு கேக்கறாங்களே, அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னும் ஒரு கட்டுரை போடுங்க அட்மின்.