தண்ணீர் சேர்த்த கிரீம் கெட்டுப்போகும் என்று ஏன் எழுதுவதில்லை?

வறண்ட சருமத்துக்கு வீட்டிலேயே கிரீம் செய்யச் சொல்லிக்கொடுப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கிரீமை நீங்கள் ஒருமுறையாவது செய்து, மூன்று வாரம் வைத்திருந்து, மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா?

அம்மாவின் பித்தவெடிப்புக்காகத்தான் நான் இதில் இறங்கினேன். தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, இரண்டு கரண்டி கற்றாழைக் கூழ், கொஞ்சம் பன்னீர் ஆகியவற்றை உருக்கிக் கலக்கி ஆறவைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று ஒரு குறிப்பில் எழுதியிருந்ததை அப்படியே நம்பிச் செய்தேன். மறுநாள் பார்த்தால், மெழுகுக் கட்டிக்கு அடியில் கலங்கிய தண்ணீர் தனியே தேங்கி நின்றது. மறுபடி கலக்கிக்கொள்ளலாம் என்று அதற்கும் ஒரு சமாதானம் எழுதியிருந்தார்கள், கலக்கிக்கொண்டேன். பதினோராம் நாள் மூடியின் உட்புறத்தில் ஊசிமுனை அளவில் கரும்பச்சைப் புள்ளிகள் இருந்தன. அதற்கு முந்தைய இரவுவரை அம்மா அதைத்தான் இரத்தம் கசியும் வெடிப்புகளுக்குள் அழுத்தித் தேய்த்துக்கொண்டு படுத்தார். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தேன்மெழுகு எண்ணெயைக் கெட்டியாக்குமே தவிர, அது மட்டுமே தண்ணீரையும் எண்ணெயையும் பிரியாமல் சேர்த்துப் பிடித்து வைக்காது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலனின் பெயரால் வழங்கும் மெழுகும் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த பழைய கிரீமிலும் இதே தொல்லை இருந்ததால்தான், பிற்காலத்தில் அதில் போராக்ஸ் என்ற உப்பைச் சேர்த்தார்கள். இன்று எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் அந்த வேலைக்கென்றே எமல்சிஃபையர்கள் என்ற பொருள்கள் கிடைக்கின்றன. எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியே ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, ஒன்றில் ஒன்றை ஊற்றி, ஆறும் வரை விடாமல் கலக்க வேண்டும். இதை எழுத இரண்டு வரி போதும், ஆனால் எழுத மாட்டார்கள்.

அதைவிடக் கொடுமை, வைட்டமின் ஈ இரண்டு சொட்டு விட்டால் கிரீம் கெடாது என்பது. எண்ணெய் சிக்கடிப்பதை வைட்டமின் ஈ தள்ளிப்போடும். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அது தடுக்காது. தண்ணீரோ கற்றாழையோ பன்னீரோ சேர்ந்த எதற்கும் கிருமி வளராமல் தடுக்கும் முறையான பிரிசர்வேட்டிவ் வேண்டும். பீனாக்ஸி எத்தனால் என்ற பிரிசர்வேட்டிவ் என்றால் 100 கிராம் கிரீமுக்கு அதிகபட்சம் 1 கிராம். இதைக் கரண்டியால் எப்படி அளப்பது? தராசு என்ற சொல்லே இல்லாமல் இத்தனை குறிப்புகளை எழுதியிருக்கிறார்களே! பிரிசர்வேட்டிவ் என்றாலே விஷம் என்று பயமுறுத்துபவர்கள், பூஞ்சையும் இயற்கைதான் என்பதை எப்படி மறந்தார்கள்?

போதாக்குறைக்கு எலுமிச்சைச் சாறு வேறு. ஏற்கெனவே வறண்டு வெடித்த தோலின் மேல், pH 2 அளவுக்கு அமிலமான சாற்றை ஊற்றச் சொல்வதற்கு எப்படி மனம் வருகிறது? ஆரோக்கியமான தோலின் pH ஏறத்தாழ 5; இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும். எரிச்சல் வந்தால் "வேலை செய்கிறது" என்று அர்த்தமாம்! எரிச்சல் என்றால் தோல் புண்படுகிறது என்றுதான் அர்த்தம்.

தண்ணீரே சேர்க்காத தைலத்தைத்தான் இப்போது செய்கிறேன். 20 கிராம் தேன்மெழுகையும் 80 கிராம் எண்ணெயையும் தராசில் நிறுத்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, ஈரமே இல்லாத புட்டியில் ஊற்றுகிறேன். தைலம் தானாக ஈரத்தைத் தராது, இருக்கும் ஈரத்தை வெளியேறாமல் பிடித்து வைக்கும் என்பதால், குளித்தவுடன் காலில் ஈரம் காயும் முன்பே தடவ வேண்டும். விரலால் தோண்டாமல், உலர்ந்த சிறு கரண்டியால்தான் எடுக்கிறோம்.

வெடிப்புகள் இப்போது ஆறிவருகின்றன. ஆனாலும் அம்மா ஒவ்வொரு முறையும் தடவுவதற்கு முன் மூடியைக் கவிழ்த்து, விளக்கு வெளிச்சத்தில் அதன் உட்புறத்தைப் பார்த்துவிட்டுத்தான் புட்டிக்குள் கரண்டியை விடுகிறார்.