நோட்டுப் புத்தகத்தில் என் கையெழுத்து

எங்கள் மகள் பிறந்து இன்றோடு 116 நாட்கள் ஆகின்றன. இந்த நாட்களில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி, அவளை என்னவாக்கப் போகிறீர்கள் என்பதுதான். தலை நிற்காத குழந்தையைத் தோளில் சாய்த்து, ஒரு கையால் பிடரியைத் தாங்கிக்கொண்டு நிற்பவனிடம் கேட்பதற்கு இது சற்று விசித்திரமான கேள்விதான் என்றாலும், கேட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மனைவி கருவுற்றிருந்த மாதங்களில் நானே அப்படியொரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். கைபேசியில் 14 வரிகள். துணிச்சலாக வளர வேண்டும், யாரிடமும் கையேந்தாமல் சம்பாதிக்க வேண்டும், நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் தெரிய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தேன். அவள் பிறந்த பிறகு அந்தப் பட்டியலை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், அதுவும் வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. படித்து முடித்ததும் கூச்சமாக இருந்தது. பதினான்கு வரிகளிலும் வேலை முழுவதும் அவளுடையதாக இருந்தது, எனக்கென்று ஒரு வரிகூட இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் நாள்தோறும் திறக்கப்படுவது அந்தப் பட்டியலல்ல, ஒரு நோட்டுப் புத்தகம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, பால் கொடுத்த நேரத்தையும் நனைந்த டயப்பர்களின் எண்ணிக்கையையும் சில நாட்களுக்குக் குறித்து வையுங்கள் என்று செவிலியர் சொல்லியனுப்பினார். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் தன் எடையில் 10 சதவீதம் வரைகூட இழக்கலாம் என்பதும், பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் அதை மீட்டுவிடும் என்பதும் அதுவரை எனக்குத் தெரியாது. குடிக்கும் பால் எவ்வளவு என்று தாய்ப்பாலில் அளந்து பார்க்க முடியாது, அதனால் உள்ளே போனதை வெளியே வருவதை வைத்துத்தான் கணிக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு டயப்பராவது நன்றாக நனைந்திருக்க வேண்டும். நான் அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், சிறுநீர், மலம், குறிப்பு என்று ஆறு பத்திகள். சில நாட்களுக்கென்று தொடங்கியது பழக்கமாகி, இப்போது இரண்டாவது நோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் எழுத்து வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கும், என் மனைவியின் எழுத்து உருண்டையாக இருக்கும், எனவே எந்தப் பதிவு யாருடையது என்பதில் குழப்பமே வராது.

அந்தத் தெளிவுதான் எனக்கு வினையாக வந்தது. ஏறக்குறைய நாற்பதாவது நாளில் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், நான் டயப்பர் மாற்றுவதைப் பார்த்துவிட்டு, மனைவிக்கு இவ்வளவு உதவி செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை என்று மனதாரப் பாராட்டினார். மறுப்பதுபோல் தலையசைத்தேனே தவிர, உள்ளுக்குள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்பதே உண்மை. பாதி வேலையை நான் செய்கிறேன் என்றுதான் அன்றுவரை நம்பியிருந்தேன். அன்றிரவு தூக்கம் வராமல் நோட்டைப் புரட்டியவன், வேடிக்கையாக ஒரு வாரத்துப் பதிவுகளைப் பென்சிலால் எண்ணத் தொடங்கினேன். இரவு பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் இடையே 31 பதிவுகள் இருந்தன. அவற்றில் சாய்ந்த எழுத்தில் இருந்தவை ஆறு.

பாலூட்டுவது என்னால் ஆகாத காரியம் என்ற சமாதானம் உடனே தோன்றியது, அதைச் சொல்லாமல் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பால் குடித்து முடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டுவதற்கோ, டயப்பர் மாற்றுவதற்கோ, மறுபடி தூங்கவைப்பதற்கோ, குறைந்தபட்சம் பேனாவை எடுத்து நேரத்தைக் குறிப்பதற்கோ தாய்ப்பால் தேவையில்லை. அதைவிட என்னை உறுத்தியது கடைசிப் பத்தி. குறிப்பு என்று நான் தலைப்பிட்ட அந்தப் பத்தி முழுவதும் உருண்டை எழுத்தாகவே இருந்தது. வலது காதுக்குப் பின்னால் சிவப்பு, இன்று மூக்கடைப்பு குறைவு, நீலச் சட்டையில் கை நுழையவில்லை, பாட்டு நின்றதும் அழுகிறாள். நான் எண்ணிக்கையை மட்டுமே எழுதியிருந்தேன். குழந்தையைக் கவனித்து எழுதியவர் ஒருவர்தான்.

பொதுவாக வீட்டு வேலையைப் பற்றிப் பேசும்போது நாம் கையால் செய்கிற வேலையை மட்டுமே கணக்கில் எடுக்கிறோம். நினைவில் வைத்திருப்பதும் வேலைதான், அதுவும் படுக்கப்போகும்போது கழற்றி வைக்க முடியாத வேலை. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு முந்தைய மாலை என் மனைவி அதை நினைவூட்டினார். நான் வழக்கம்போல, முன்பே சொல்லியிருந்தால் விடுப்பு எடுத்திருப்பேனே என்றேன். அவர் கோபப்படவில்லை. சொல்வதும் ஒரு வேலைதானே, அதையும் நான்தான் செய்ய வேண்டுமா என்று மட்டும் கேட்டார். சொல்லியிருந்தால் செய்திருப்பேனே என்ற வாக்கியத்தை அன்றிலிருந்து நான் உச்சரிப்பதில்லை. அதைச் சொல்கிறவன் அந்த வீட்டில் தன்னை ஒரு பணியாளாக, அதுவும் மேலாளர் தேவைப்படுகிற பணியாளாக வைத்துக்கொள்கிறான்.

எனவே வேலைகளைப் பகிர்ந்துகொள்வதை விட்டுவிட்டு, சில பொறுப்புகளை முழுதாகவே என்னிடம் மாற்றிக்கொண்டோம். தடுப்பூசித் தேதிகள், துணிகளின் அளவு, நகம் வெட்டுவது, இரவு இரண்டு மணிக்கு மேல் பாலைத் தவிர்த்த எல்லாம். இவற்றில் நகம் வெட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள். பச்சைக் குழந்தையின் நகம் காகிதம்போல மெல்லியது, ஆனால் தன் கன்னத்தையே கீறிக்கொள்ளும் அளவுக்குக் கூரானது. நகம் எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்பதும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அவள் தூங்கும்போது, விரல் நுனிச் சதையைக் கட்டைவிரலால் கீழே அழுத்தி விலக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து வெட்ட வேண்டும். இரண்டாவது முறையே இடது ஆள்காட்டி விரலில் சதையையும் சேர்த்து வெட்டிவிட்டேன். கடுகளவு ரத்தம். அவள் வீறிட்டு அழுது, சுத்தமான துணியால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்ததும் அடங்கிவிட்டாள். எனக்குத்தான் அரை நாள் கை நடுங்கியது. என் மனைவி ஓடி வந்து பார்த்தார், விரலுக்கு ஒரு முத்தம் கொடுத்தார், நகவெட்டியை மேசைமேல் அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனார். அதை அவர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கும் நான் நகம் வெட்டத் தெரியாத தகப்பனாக, அந்தத் தெரியாமையையே ஒரு சலுகையாக அனுபவித்துக்கொண்டிருப்பேன்.

தாய்மை உடம்பிலேயே எழுதப்பட்டது, தகப்பன்மார் ஏதோ முடிந்ததைச் செய்யலாம் என்று சொல்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. பிலிப்பைன்ஸில் செபு நகரப் பகுதியைச் சேர்ந்த 624 ஆண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இவர்களுக்குப் பயன்படும். தகப்பனானவர்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களிடம் அது இன்னும் குறைவாக இருந்தது. ஆக, குழந்தையைக் கவனிப்பதற்கு ஏற்ப ஆணின் உடம்பும் மாறுகிறது, அதற்கும் இந்த வேலை தெரிந்திருக்கிறது. பெண்களுக்கு இது பிறவியிலேயே கைவந்ததுபோலத் தோன்றுவதற்குக் காரணம், அவர்களுக்கு யாரும் இதிலிருந்து நழுவ வழிவிடாததுதான் என்பது என் எண்ணம். தொடர்ந்து செய்தார்கள், அதனால் தெரிந்துகொண்டார்கள்.

இனி அந்த 14 வரிகளுக்கு வருகிறேன். முதல் வரி துணிச்சல். அவளுக்கு முகம் துடைப்பது பிடிக்காது. ஈரத்துணி கன்னத்தில் பட்டதும் முகம் சிவந்து, முஷ்டிகள் இறுகி, காலை உதைத்துக்கொண்டு கத்துவாள். பார்க்கிறவர்கள் எல்லோரும், நான் உட்பட, பயந்துட்டா பாவம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். 1976இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்த பிறகு அந்தச் சொல் என் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பெட்டியைத் திறந்ததும் துள்ளி எழும் பொம்மையைக் கண்டு குழந்தையொன்று அழும் காட்சியைப் பலருக்கும் காட்டி, சிலரிடம் அது ஆண் குழந்தை என்றும் சிலரிடம் பெண் குழந்தை என்றும் சொன்னார்கள். குழந்தையும் ஒன்றே, அழுகையும் ஒன்றே. ஆண் என்று நம்பியவர்கள் அதைக் கோபம் என்று கூறும் பக்கமும், பெண் என்று நம்பியவர்கள் பயம் என்று கூறும் பக்கமும் சாய்ந்தார்கள். நான்கு மாதக் குழந்தைக்கு உண்மையில் என்ன உணர்ச்சி என்று உறுதியாகச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த இறுகிய முஷ்டியைப் பார்த்தும் அதைப் பயம் என்று பெயரிட்டது என் பழக்கமே தவிர என் மகள் அல்ல என்பது மட்டும் உறுதி. இப்போது முகம் துடைக்கும்போது, கோபம் வருகிறதா, வரட்டும், இதோ முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே துடைக்கிறேன். என் அம்மாவுக்கு இது சிரிப்பாக இருக்கிறது. பச்சைப் பிள்ளையிடம் நியாயம் பேசுகிறான் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறார்.

இதே வகையில் 2000இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, 11 மாதக் குழந்தைகள் எவ்வளவு செங்குத்தான சரிவில் தவழ்ந்து இறங்குவார்கள் என்று அவர்களுடைய தாய்மாரையே கணிக்கச் சொன்னது. மகனைப் பெற்றவர்கள் கூட்டிச் சொன்னார்கள், மகளைப் பெற்றவர்கள் குறைத்துச் சொன்னார்கள். இறங்கவிட்டுப் பார்த்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லை. என் மகள் இன்னும் குப்புற விழவே பழகிக்கொண்டிருக்கிறாள். ஒரு பக்கமாகத் திரும்பி, கீழே மாட்டிக்கொண்ட கையை எடுக்கத் தெரியாமல் முனகுவாள். அந்த முனகல் கேட்ட மறுகணமே என் கை அவளை நோக்கி நீண்டுவிடும். இப்போது பத்துவரை எண்ணுகிறேன், பல நேரம் எட்டில் அவளே கையை உருவிவிடுகிறாள். துணிச்சலாக வளர வேண்டும் என்று அவளுக்கு எழுதிய வரி, என் கையைக் கட்டி வைக்க வேண்டும் என்று எனக்கு எழுதியதாக மாறிவிட்டது. மற்ற வரிகளையும் இப்படித் திருப்பிப் பார்த்தேன். பிடிக்காததைச் சொல்லத் தெரிய வேண்டும் என்றால், விருந்தினர் கையில் அவள் நெளியும்போது தயங்காமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியவன் நான். நீச்சல் தெரிய வேண்டும் என்றால், தண்ணீரைக் கண்டாலே விலகி நிற்கும் நான் முதலில் இறங்க வேண்டும். படிப்பு, வேலை, யாரோடு வாழ்வது என்பவை பற்றி எழுதிய வரிகளை அழித்துவிட்டேன், அவை என் கவலைகளாக இருந்தனவே தவிர அவளுக்கான ஆசைகளாக இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை பிறந்தபோது என் அலுவலகம் எனக்கு 10 வேலை நாட்கள் விடுப்பு கொடுத்தது, அது போதாது என்று எல்லோரிடமும் குறைபட்டுக்கொண்டேன். ஆனால் பதினோராம் நாள் காலையில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் அழாத அறையில், சூடு ஆறாத தேநீரைக் குடித்தபோது எனக்கு ஏற்பட்டது நிம்மதி. வீட்டில் என் மனைவிக்கு அப்படியொரு நாற்காலி இல்லை என்பது மாலை வீடு திரும்பும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. பெற்றோர் விடுப்பைத் தகப்பனுக்கும் உரியதாக்கி 1974இல் உலகுக்கே வழிகாட்டியது ஸ்வீடன். ஆனால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டதும், தகப்பன்மாரில் பெரும்பாலோர் அதை மனைவிக்கே விட்டுக்கொடுத்தார்கள். 1993இல் நார்வேயும் 1995இல் ஸ்வீடனும் விடுப்பின் ஒரு பகுதியைத் தகப்பனுக்கென்றே ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அது போய்விடும் என்று விதித்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்த ஆண்களுக்கும் தங்கள் குழந்தைமேல் பாசம் இருந்திருக்கும், என்னைப் போலவே. பாசத்தை நம்பி வேலையைப் பிரித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த 31 பதிவுகளே சாட்சி. அதனால்தான் எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணி என்று கடிகாரத்தை வைத்துப் பிரித்துக்கொண்டோம். கேட்பதற்கு இதில் அன்பின் வாசனையே இல்லை, ஆனால் என் மனைவி இப்போது சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்குகிறார்.

நேற்றிரவு 2.40க்கு அவள் விழித்துக்கொண்டாள். பசி இல்லை, டயப்பரும் காய்ந்திருந்தது. முழங்கை மடிப்பில் அவள் தலையைத் தாங்கி, இருட்டில் கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தேன். பிறந்த புதிதில் குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பார்கள். கையில் ஏந்தியவரின் முகம் இருக்கும் தொலைவு அது. இப்போது அவள் அறையின் மறுகோடியிலிருந்தே என்னை அடையாளம் கண்டு சிரிக்கிறாள் என்றாலும், இரவில் இந்தத் தொலைவில்தான் அடங்குகிறாள். பத்து நிமிடத்தில் முஷ்டி தளர்ந்தது. அவளைப் படுக்க வைத்துவிட்டு, நோட்டை எடுத்து, முதன்முறையாகக் கடைசிப் பத்தியில் எழுதினேன்: “கோபம். எதற்கென்று தெரியவில்லை. தானே தணிந்தது.”

காலையில் பார்த்தபோது அதற்குக் கீழே உருண்டை எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது. “இடது கால் சாக்ஸ் இறுக்கம். தடம் பதிந்திருக்கிறது, பார்க்கவும்.” துணிகளின் அளவு என் பொறுப்பில் இருப்பதை மேலே சொல்லியிருக்கிறேன். இன்று மாலை அடுத்த அளவு சாக்ஸ் வாங்கி வந்துவிட்டேன்.