எம்.ஐ.டி. முதுகலை: இணையவழிச் சான்றிதழ் பெற்றாலே இடம் உறுதியா?
வளர்ச்சிப் பொருளாதாரம் குறித்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) நடத்தும் இணையவழிப் பாடங்களை முடித்தாலே அங்கு முதுகலையில் நேரடியாகச் சேர்ந்துவிடலாம் என்று பரவும் தகவல் தவறானது. 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் பாடம் நடத்தும் மைக்ரோமாஸ்டர்ஸ் என்ற இந்த இணையவழித் திட்டத்தின் சான்றிதழ், ‘தரவு, பொருளாதாரம், கொள்கை வடிவமைப்பு’ என்ற முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே தருகிறது. அதற்குப் பிறகு விண்ணப்பங்களைப் பரிசீலித்துச் சிலரையே தேர்ந்தெடுக்கிறார்கள். இளங்கலைப் பட்டமோ ஜி.ஆர்.இ. என்னும் மேற்படிப்புத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணோ கட்டாயமில்லை என்பது உண்மைதான். வசதி குறைந்த மாணவர்களுக்கு அது அரிய வாய்ப்பு என்றே கருதுகிறேன். பாடங்களை இலவசமாகக் கற்கலாம் என்றாலும், சான்றிதழ் வேண்டுமானால் கண்காணிப்புடன் நடக்கும் தேர்வுகளில் தேற வேண்டும். அவற்றுக்கான கட்டணம் அவரவர் வருமானத்துக்கேற்ப மாறும். ஆகவே, இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.