தூண்டிவிட்டது யார்?

ஒக்கி புயலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி, குமரி மாவட்டம் குழித்துறையில் அன்று ரயிலை மறித்த மீனவர்களை "யாரோ தூண்டிவிட்டார்கள்" என்று ஒருவர் மேடையில் பேசியதை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அந்த வீடியோவை நான் இங்கே மறுபடி போடவில்லை. அந்தச் சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தூண்டுவது விளக்கு வேலை மக்களே. எண்ணெய் மட்டம் இறங்க இறங்கத் திரி நுனி கருகி, சுடர் மங்கும். அப்போது தூண்டுகோலால் கரியைத் தட்டிவிட்டு, திரியை ஒரு நெல்மணி நீளம் வெளியே தள்ள வேண்டும். கூடத் தள்ளினால் புகை. தள்ளாமலே விட்டால் திரி கருகிச் சுடர் அணையும். "தூண்டு சுடரனைய சோதி" என்று அப்பர் இறைவனைப் பாடியது இதை வைத்துத்தான். அந்தச் சொல்லில் குற்றம் எங்கே இருக்கிறது? எரியாத திரியை எவராலும் தூண்ட முடியாது.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். குமரிக் கடற்கரையில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை உள்ளவை ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்யும் ஊர்கள். கரையில் எச்சரிக்கை சொன்னபோது அந்தப் படகுகள் கரை வயர்லெஸ் எட்டாத தூரத்தில் கிடந்தன. போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்டுக் கேட்டு ஒரு வாரம் போனது. டிசம்பர் 7 அன்று குழித்துறைத் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கணவனைக் காணாத பெண்ணை இன்னொருவர் வந்து தூண்ட வேண்டுமா?

"வெளியாட்கள் பேசினார்களே" என்பீர்கள். பேசட்டும். பேசியதாலா படகு திரும்பி வரவில்லை?

"தூண்டிலும் அதே சொல்தானே, இரையைக் காட்டி ஏமாற்றுவதுதானே" என்று படித்த நண்பர் ஒருவர் கேட்கக்கூடும். ஆமாம், அந்த முகமும் சொல்லுக்கு உண்டு. அப்படியென்றால் ஏமாற்றியவர் யார், காட்டிய இரை எது என்று சொல்ல வேண்டும்.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. கலகத்தைத் தூண்டுவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 153, அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 192. கலகம் மூள வேண்டும் என்ற எண்ணத்தோடோ, மூளும் என்று தெரிந்தோ, சட்டவிரோதமான ஒரு செயலைச் செய்து ஆத்திரமூட்டியிருக்க வேண்டும். கலகம் நடந்தால் ஓராண்டு வரை, நடக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. பேசினார் என்பது மட்டும் போதாது, சட்டவிரோதமான செயல் வேண்டும். அந்தச் செயல் எது? செய்தவர் யார்?

கடலில் பிள்ளையைக் கொடுத்த வீடுகள் இன்றும் அந்த ஊர்களில் இருக்கின்றன. மேடையில் பேசியவரே, அவர்கள் காதில் விழ, சுயபுத்தி இல்லாதவர்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். பெயரையும் செயலையும் சொல்லுங்கள். இல்லையென்றால் அதே மேடையில் ஏறி அந்தப் பேச்சைத் திரும்பப் பெறுங்கள்.