அந்தத் தம்பியின் இசக்கிக்குக் கண் பெரிதுதான்

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ஓவியக் கண்காட்சியில், இசக்கியம்மனை வரைந்த ஒரு பையனுக்கு நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பேசாமல் இருந்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். சிரிக்கிற பொம்மையைப் போட்டு எனக்கே நாலு பேர் அனுப்பியிருக்கிறீர்கள், அதில் இரண்டு பேர் என் சொந்தக்காரர்கள். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் அங்கே இருந்தேன். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இது இசக்கியா, ஜப்பான் பொம்மையா? மூஞ்சியில பாதி கண்ணு. தம்பி, முதல்ல அனாட்டமி படிச்சிட்டு வா" என்றதும் ஹால் முழுக்கச் சிரித்ததும் வீடியோவில் இருக்கிறது. அதோடு அது முடிந்துவிடுகிறது. அப்புறம் நடந்தது அதில் இல்லை. அந்தப் பையன் சார்ட்டின் நாலு மூலையிலும் ஒட்டியிருந்த டேப்பைப் படம் கிழியாமல் நகத்தால் உரித்தான். படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டான். சான்றிதழ் கொடுப்பதற்கு முன்பே படியிறங்கிப் போய்விட்டான். டேப் உரிக்க எப்படியும் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடமும் விருந்தினர் அடுத்த படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். நானும்தான். எழுந்து போய் அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு பாணிக்கு உள்ள அளவுகோலை எடுத்து இன்னொரு பாணியை அளக்காதீர்கள்.

அந்தப் படம் அனிமே பாணியில், அதாவது ஜப்பான் கார்ட்டூன் படங்களின் பாணியில் வரைந்தது. அந்தப் பாணியில் கண் பெரிதாகத்தான் இருக்கும். மூக்கு ஒரு கோடு, வாய் ஒரு கோடு, கோபமோ அழுகையோ எல்லாம் கண்ணில். இந்தப் பாணியை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜப்பானிய ஓவியர் ஒசாமு தெசுகா. 1928இல் பிறந்தவர். அமெரிக்கக் கார்ட்டூன்களைப் பார்த்து வளர்ந்து, அந்தப் பெரிய கண்ணைத் தன் பாத்திரங்களுக்கு வைத்தவர். அவர் ஒசாகாவில் மருத்துவம் படித்துத் தேறியவர். அனாட்டமியை அவரை விட அதிகமாகப் படித்த ஓவியர் எத்தனை பேர் இருப்பார்கள்? உடம்பில் கண் எந்த அளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் பெரிதாக வரைந்தார்.

சரி, ஜப்பான் நமக்கு அந்நியம் என்றே வைத்துக்கொள்வோம். தக்கலையிலிருந்து பக்கத்தில்தான் பத்மநாபபுரம் அரண்மனை. அதன் மேல்மாடச் சுவர்களில் இருக்கும் ஓவியங்களில் தெய்வங்களின் கண் எப்படி இருக்கிறது? காதுப் பக்கம் வரை நீண்டிருக்கிறது. விரல்கள் கொடி மாதிரி வளைகின்றன. இடுப்பு ஒரு பிடி. திருவட்டாறு கோயில் சுவரிலும் அதே மரபுதான். மஞ்சள், சிவப்பு, பச்சை, கருப்பு, வெள்ளை என்று ஐந்தே நிறம். உடம்பின் நிறமே அந்தப் பாத்திரத்தின் குணத்தைச் சொல்லிவிடும். பச்சை உடம்போடு ஒரு மனிதனை யாராவது பார்த்திருக்கிறோமா? அங்கே போய் நின்றுகொண்டு அனாட்டமி படித்துவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை. கும்பிட்டுவிட்டு வருகிறோம்.

இசக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்குப் போகாதவர்கள் இந்த மாவட்டத்தில் குறைவு. ஊருக்கு ஊர் இசக்கி கோயில் இருக்கிறது. சுதையில் செய்து வண்ணம் பூசிய இசக்கிக்கு எந்த ஊரில் கண் சின்னதாக இருக்கிறது? கையில் குழந்தையோடு முழித்துப் பார்க்கிற அந்தப் பார்வைக்குப் பயந்துதானே சின்ன வயதில் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தோம்? அந்தத் தம்பி ஜப்பானிலிருந்து ஒரு கண்ணையும் நம் ஊரிலிருந்து ஒரு கண்ணையும் எடுத்து இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்திருக்கிறான். அந்த ஹாலில் இருந்த நாற்பது ஐம்பது படங்களில் யோசித்து வரைந்த படம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மற்றதெல்லாம் முக்கடலில் சூரியன் மறைவதும் வள்ளுவர் சிலையும். அவையும் அழகாகத்தான் இருந்தன, குறை சொல்லவில்லை.

"அப்படின்னா யாரையும் குறையே சொல்லக் கூடாதா? எல்லாத்தையும் ஆஹா ஓஹோன்னு சொல்லணுமா?" இதைத்தான் எல்லாரும் கேட்கிறீர்கள். என் அண்ணனும் கேட்டான்.

நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் படத்தில் எனக்கே மூன்று குறை தெரிந்தது. பின்னணிச் சிவப்புக்குப் போஸ்டர் கலரில் தண்ணீர் அதிகமாகி, காய்ந்ததும் திட்டுத் திட்டாகிவிட்டது. இடது கை விரல்களில் கோடு குழம்பியிருந்தது. இரண்டு கண்ணிலும் போட்ட வெள்ளைப் புள்ளி வெவ்வேறு பக்கமாக இருந்தது. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே பக்கம் இருக்க வேண்டும் என்பது அந்தப் பாணியிலேயே உள்ள விதி. அந்தப் பாணிக்கு உள்ளே போய் நின்று சொல்கிற குறை இதுதான். இதைப் பையனின் பக்கத்தில் நின்று, அவன் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொல்லியிருந்தால் அடுத்த படத்தில் திருத்தியிருப்பான். "கண்ணு பெரிசு" என்பது குறையே இல்லை. தோசையைப் பார்த்து இட்லி மாதிரி உப்பவில்லையே என்பது போலத்தான் அது. அதையும் மைக்கில் சொன்னார்கள்.

"அவர் எவ்வளவு பெரிய ஆள், நாற்பது வருஷமா வரையுறார்" என்கிறார்கள். ஆமாம், பெரிய ஆள்தான். அவர் வரைந்த தோவாளைப் பூச்சந்தைப் படத்தை நான் பல தடவை நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. தெருவில் போகிற யாரோ சொல்லியிருந்தால் அந்தப் பையன் துடைத்துப் போட்டிருப்பான்.

"நீ யாரு இதைப் பேச, நீ என்ன ஆர்ட்டிஸ்டா?" இதையும் ஒருவர் கேட்டிருக்கிறார். யார் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் முட்டத்துக்குப் பக்கம். அப்பா வள்ளம் வைத்திருந்தார். வள்ளத்தில் பேர் எழுத ஒரு பெயின்டர் மாமா வருவார். எந்தப் பள்ளியிலும் ஓவியம் படித்தவர் இல்லை. சாக்பீஸில் இரண்டு கோடு இழுத்து, இனாமல் பெயின்ட்டில் எழுத்தை எழுதி, அதற்கு நிழல் போடுவார். எழுத்து பலகையை விட்டு எழுந்து நிற்பது போல இருக்கும். பள்ளி விடுமுறையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் பிரஷை என் கையில் கொடுத்து, ஒரு எழுத்துக்குள் நிறத்தை நிரப்பச் சொன்னார். கோட்டைத் தாண்டி வழிந்துவிட்டது. துணியில் மண்ணெண்ணெய் தொட்டு வழிந்ததைத் துடைத்துவிட்டு, "கொள்ளாம் மக்களே" என்றார். அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், நம் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். அந்த ஒரு "கொள்ளாம்" என்னை இரண்டு வருஷம் வரைய வைத்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், காலண்டர் தாளின் பின்பக்கம், எதையும் விடவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஓவியப் போட்டி. தலைப்பு கடல். முட்டம் பாறை மேல் நின்று கீழே பார்த்திருக்கிறீர்களா? வள்ளங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போகும், பின்னால் வெள்ளையாக ஒரு கோடு இழுபடும். எங்கும் தண்ணீர்தான், வானம் கண்ணில் படாது. நான் தினமும் பார்க்கும் கடல் அதுதான், அதையே வரைந்தேன். நடுவராக வந்தவர் தாளைத் தூக்கிப் பிடித்து, "கடலுக்கு மேலே வானம் எங்கே? இது என்ன, செத்த மீனா?" என்றார். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். என் தோழியும் சிரித்தாள். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் நான் பென்சிலை வரைவதற்காகத் தொடவில்லை. கோபித்துக்கொண்டு விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எனக்கு வராது என்று நம்பிவிட்டேன். பெரியவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று அந்த வயதில் நினைத்தேன்.

மறுபடி தொட்டது என் மகளின் ரெக்கார்டு நோட்டுக்காக. செம்பருத்தியின் நீள்வெட்டுத் தோற்றம். அவள் வரைய முடியாமல் அழுதாள். நான் வாங்கி வரைந்தேன். சூல்பையை வரையும்போது கை நடுங்கியது. இப்போதும் ராத்திரி பாத்திரம் கழுவி வைத்த பிறகு அரை மணி நேரம் வரைகிறேன். ஓவியர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு வார்த்தையால் ஒரு ஆளை எவ்வளவு காலம் உட்கார வைக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அதைப் பேசுகிற தகுதி எனக்கு இருக்கிறது.

மாற்றி நடந்த கதையும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பில் பழங்குடிப் பெண் பூரி பாய், போபாலில் பாரத் பவன் என்ற கலை மையத்தைக் கட்டும்போது அங்கே கூலி வேலை பார்த்தவர். ஓவியர் ஜே. சுவாமிநாதன் அங்கே பொறுப்பில் இருந்தார். தமிழ்ப் பெற்றோருக்குச் சிம்லாவில் பிறந்தவர், அந்தக் காலத்து நவீன ஓவியத்தில் பெரிய பெயர். அவர் அந்தத் தொழிலாளிப் பெண்ணிடம் உடற்கூறு தெரியுமா என்று கேட்கவில்லை. உங்கள் ஊர்ச் சுவரில் என்ன வரைவீர்களோ அதைத் தாளில் வரையுங்கள் என்றார். உடம்பெல்லாம் புள்ளியாகப் புள்ளியாக மானும் மயிலும் மரமும் வரைந்தார் அந்த அம்மா. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ. அந்த இடத்தில் சுவாமிநாதனுக்குப் பதிலாக நம் சிறப்பு விருந்தினர் நின்றிருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

எல்லாருக்கும் பத்மஸ்ரீ கிடைக்கும் என்று சொல்லவில்லை. கிடைக்காவிட்டால்தான் என்ன? பெயின்டர் மாமாவுக்கு ஒரு சால்வைகூடக் கிடைக்கவில்லை. பிளெக்ஸ் வந்ததும் தட்டி எழுதும் வேலையும் கடை போர்டு வேலையும் போயின. கடைசியில் மதிலுக்கு வெள்ளையடிக்கப் போனார். அவர் எழுதிய எழுத்தைப் பார்த்து "இது கலை" என்று இந்த மாவட்டத்தில் ஒருவராவது மேடையில் சொல்லியிருப்பார்களா? கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் காலண்டராக வந்து நம் எல்லார் வீட்டு ஆணியிலும் தொங்கினார்கள். அதையும் "காலண்டர் படம்" என்று மட்டமாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நாம் விளக்கேற்றியது அந்தப் படத்தின் முன்னால்தான். இன்றைக்கு அனிமே. ஒவ்வொரு தலைமுறையிலும் ஏதோ ஒன்றைக் கலையே இல்லை என்று தள்ளி வைக்கிறோம்.

இதை எழுதும்போது கோபம் எங்கெங்கோ போகிறது, தெரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். சிரித்த பெற்றோர்களைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை. உங்கள் பிள்ளைகளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன் வரிசையில் ஒரு சின்னப் பெண், அந்தச் சிரிப்பு கேட்டதும் மடியில் இருந்த தன் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். அவள் அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அடுத்த வருஷம் என்ன வரைவாள்? தேங்காய் மரமும் சூரியனும் வரைவாள். யாரும் சிரிக்காத படத்தை வரைவாள்.

அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை விருந்தினர் படங்களைப் பார்க்கும்போது மைக் வேண்டாம். வரைந்தவர் பக்கத்தில் நின்று முதலில் ஒரு கேள்வி கேட்கட்டும், "ஏன் இப்படி வரைஞ்சே மக்கா?" என்று. பதிலைக் கேட்டுவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவனிடம் காட்டுங்கள். பெயர் வேண்டாம், போட்டோ போட வேண்டாம், அவனை மறுபடி ஊர் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

தம்பி, உன் படம் கொள்ளாம். கண்ணைச் சின்னதாக்காதே. வெள்ளைப் புள்ளியை மட்டும் ஒரே பக்கம் போடு. அப்புறம் ஒன்று கேட்கணும். படத்தின் கீழே இடது மூலையில், பனைமரத்தடியில், ஒற்றைச் செருப்பு ஒன்று வரைந்திருந்தாய். குழந்தைச் செருப்பு, நீல வார். வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அது யாருடைய செருப்பு? கேட்கலாம் என்று எழுந்தபோது நீ படியில் இறங்கிக்கொண்டிருந்தாய்.