கரண்ட் போனதால் தூசி அளவு பொய்யாகிவிடாது
சென்னை மணலியில் மாடிமேல் இருக்கும் காற்று மாதிரிக் கருவி (காற்றை இழுத்து அதிலுள்ள தூசியை ஃபில்டரில் பிடிப்பது), கரண்ட் போய் இரண்டு மணி நேரம் நின்றதால் அன்றைய தூசிக் கணக்கே பொய் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. மோட்டார் நின்றால், அதோடு இணைந்து ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமீட்டரும் நின்றுவிடும். கணக்கில் சேர்வது ஓடிய நேரம்தான்.

ஃபில்டரில் 60 மில்லிகிராம் தூசி, நிமிடத்துக்கு 1.1 கன மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் நின்று, ஓடியது 6 மணி நேரம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 152 மைக்ரோகிராம் தூசி என்று வரும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 8 மணி நேரம் என்று எழுதினால் 114தான். தப்பு நடப்பது அங்கேதான், அதுவும் தூசியைக் குறைத்துக் காட்டும் தப்பு.

இன்னொன்று. திருவொற்றியூரில் ஃபில்டர் மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் நானே ஏமாந்திருக்கிறேன்: மீட்டரில் 6.40 என்றால் 6 மணி 40 நிமிடம் இல்லை, 6 மணி 24 நிமிடம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஒரு மணி நேரத்தில் நூறில் எத்தனை பங்கு என்பது.

அப்புறம், 24 மணி நேரத்தில் 16 மணி நேரமாவது ஓடியிருந்தால் அந்த நாளின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் நின்றதற்காக அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.